வட்டார வேலையின்மையும் வேலைவாய்ப்புப் பணியும்: கர்நாடகத்தின் அனுபவம்

வேலையின்மை ஒரு நாடு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரே மாநிலத்திற்குள் ஒரு பகுதியில் ஆட்கள் கிடைக்காமல் தொழில்கள் தடுமாறுவதும், மற்றொரு பகுதியில் பிழைப்புத் தேடி மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. கர்நாடகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பெங்களூரில் 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகமும், 1953இல் எச்.எம்.டி. நிறுவனமும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றின. பின்னர்க் கணினி மென்பொருள் தொழிலும் இந்நகரையே நாடியது. அதே வேளையில் வடகிழக்கு மாவட்டங்கள் பின்தங்கியே நின்றன. டாக்டர் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான உயர்நிலைக் குழு 35 குறியீடுகளைக் கொண்டு ஆய்வு செய்து, 2002இல் தன் அறிக்கையை அளித்தது. மாநிலத்தில் அன்றிருந்த 175 வட்டங்களுள் 114 வட்டங்கள் பின்தங்கியவை என்றும், அவற்றுள் 39 மிகமிகப் பின்தங்கியவை என்றும் அது கண்டது. அந்த 39இல் 21 வட்டங்கள் குல்பர்கா கோட்டத்தில் அமைந்திருந்தன.

பணியின் தோற்றம்

இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. வேலை தேடுவோர் தொழிற்சாலை வாயில்தோறும் அலைவதைத் தவிர்ப்பதே அவற்றின் நோக்கம். இந்தியாவில் இப்பணி, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் மறுவாழ்வுக்காக 1945இல் தொடங்கப்பட்டது. பிரிவினைக்குப்பின் இடம்பெயர்ந்தோருக்கும், 1948 முதல் அனைவருக்கும் அதன் கதவுகள் திறக்கப்பட்டன.

சிவராவ் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1956 நவம்பர் 1 முதல் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. விரிவாக்கப்பட்ட மைசூர் மாநிலம் உருவானதும் அதே நாளில்தான். ஐதராபாத், பம்பாய் ஆகியவற்றிலிருந்து வந்து சேர்ந்த மாவட்டங்களின் பின்தங்கிய நிலையும், அதைச் சமாளிக்க உதவக்கூடிய கருவிகளுள் ஒன்றும் ஒருங்கே அம்மாநிலத்தின் பொறுப்பாயின.

சட்டமும் அதன் எல்லையும்

1959ஆம் ஆண்டுக் காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் சட்டம், அரசுத்துறை நிறுவனங்களையும், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களையும் காலியிடங்களைத் தெரிவிக்கப் பணித்தது. ஆனால், அலுவலகம் அனுப்புவோரையே வேலையில் அமர்த்த வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. வேளாண்மையில் தனியார் துறை வேலைகளும் வீட்டு வேலைகளும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தெரிவிக்கும் கடமை உண்டு. அவ்வழியே ஆளெடுக்கும் கட்டாயம் இல்லை.

இதனால் பதிவேட்டின் எண்ணிக்கையை வேலையின்மையின் அளவாகக் கொள்வது தவறாகும். பதிவு செய்வது அவரவர் விருப்பம். பதிந்தோருள் படிப்பவரும், வேறு வேலையில் இருப்பவரும் உள்ளனர். ராய்ச்சூர், யாதகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூரின் கட்டுமானப் பணிக்கு வரும் தொழிலாளருள் பெரும்பாலோர் மேஸ்திரி வழியாகவே வேலை பெறுகின்றனர். பதிவேடு அவர்களை அறியாது.

தங்கவயல் தரும் பாடம்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலின் நிலை வேறு. பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சுரங்கத் தொழிலில் பெற்ற திறனுக்கு அருகில் வேறு தேவை இல்லை. இன்றும் அந்நகரத்தார் பலர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர்.

ஒரே தொழிலை நம்பிய வட்டாரத்தில் அத்தொழில் நலியும்போது, அலுவலகம் காலியிடத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை என்பதை இது காட்டுகிறது. ஆலை மூடப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு தொழிலாளியின் திறனையும் கணக்கெடுத்தல், மாற்றுப் பயிற்சி அளித்தல், பயணச் செலவுக்கு உதவுதல் ஆகியவை அதன் கடமைகளாக வேண்டும்.

செய்யத்தக்கவை

வேலைவாய்ப்புப் பணி புதிய வேலைகளை உண்டாக்குவதில்லை; இருக்கும் வேலைக்கும் ஆளுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைக்கிறது. அத்தொலைவு மூவகைப்படும்.

முதலாவது, செய்தியின் தொலைவு. 2015இல் தொடங்கப்பட்ட தேசிய வாழ்க்கைத்தொழில் பணியின் இணையவாயில் இதனைக் குறைக்க முயல்கிறது. எனினும், கணினி வசதியற்றவருக்கு வட்ட அளவில் நேரடி வழிகாட்டல் தேவை.

இரண்டாவது, திறனின் தொலைவு. 2023இல் கர்நாடக அரசு கொணர்ந்த யுவநிதித் திட்டம், படிப்பு முடித்து 180 நாட்கள் ஆகியும் வேலை பெறாத பட்டதாரிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும், பட்டயம் பெற்றோருக்கு 1,500 ரூபாயும் இரண்டாண்டு வரை வழங்க வகை செய்தது. இத்தகைய உதவித்தொகை பயிற்சியோடு இணையும்போதே அதன் முழுப் பயனும் கிட்டும்.

மூன்றாவது, இடத்தின் தொலைவு. கலபுரகியிலிருந்து பெங்களூர் 500 கிலோமீட்டருக்கு மேல். முதல் மாத ஊதியம் கைக்கு வரும்வரை தங்க இடமும் உணவும் இல்லாதவருக்கு நியமனக் கடிதம் மட்டும் போதாது. குறிப்பாகப் பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதி இன்றியமையாதது.

வெளியூர் செல்ல இயலாதோருக்குச் சுயதொழில் ஒரு வழி. தர்மஸ்தலக் கல்வி அறக்கட்டளையும், சிண்டிகேட், கனரா வங்கிகளும் இணைந்து 1982இல் உஜிரேயில் தொடங்கிய ருட்செட் நிறுவனம், குறுகிய காலப் பயிற்சியோடு நில்லாமல், பயிற்சி முடிந்தபின்னும் தொடர்ந்து துணைநிற்கும் முறையைக் கையாண்டது. நாட்டின் பிற மாவட்டங்களில் பின்னர் எழுந்த கிராமப்புறச் சுயதொழில் பயிற்சி நிறுவனங்களுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

இத்தொடர் கண்காணிப்பை வேலைவாய்ப்புப் பணியும் மேற்கொள்ளுதல் நலம். எத்தனை பேர் பதிந்தனர், எத்தனை பேர் வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்தனர் என்பதைவிட, வேலையில் அமர்ந்தவர்களுள் எத்தனை பேர் ஓராண்டுக்குப்பின்னும் அவ்வேலையில் நீடிக்கின்றனர் என்பதே வட்டந்தோறும் கணக்கிடப்பட வேண்டும். எந்த வட்டத்திற்குப் பயிற்சி வேண்டும், எதற்கு விடுதி வேண்டும், எதற்குப் புதிய தொழிலே வேண்டும் என்பதை அக்கணக்கு திட்டமிடுவோருக்குத் தெளிவாக்கும்.