கொப்பி இருக்கிறது, கணக்கு போய்விட்டது

மன்னாரில் கருவாட்டு வியாபாரம் செய்பவன் நான். முன்பு கணக்கெல்லாம் கொப்பியில் இருந்தது. கொப்பியை யாரும் எடுத்தால் களவு என்று பொலிசில் முறைப்பாடு செய்யலாம். பிறகு கணினி வந்தது. கடையில் நின்ற ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலையும் விலைகளையும் பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணினியும் இருந்தது, பட்டியலும் இருந்தது. அப்படியானால் களவு போனது என்ன?

சட்டத்துக்கும் இதே சிக்கல்தான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, அசையும் பொருளை ஒருவரது கைவசத்திலிருந்து எடுப்பதே களவு. பிரதி எடுப்பது அதற்குள் இலகுவில் அடங்காது.

2000ஆம் ஆண்டு 'ஐ லவ் யூ' வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பாழாக்கியது. பிலிப்பைன்ஸில் சந்தேக நபர்களை இனங்கண்டும், பொருத்தமான சட்டம் இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. அவசரமாகக் கொண்டுவந்த சட்டம் முன்பு நடந்ததைத் தொடவில்லை.

எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அதிகாரம் இல்லையென்று தெரிந்தும் பிறர் கணினிக்குள் நுழைவதே குற்றம். 5 வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும் என்று அது விதித்தது.

வியாபாரிகளே, 'அதிகாரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் பாஸ்வேர்டைக் கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். திறப்பை நாமே கொடுத்துவிட்டு, அனுமதியின்றி நுழைந்தார் என்று எப்படி நிரூபிப்பது? ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வையுங்கள். ஆள் விலகும் அன்றே அதை மாற்றுங்கள்.