காற்றுக்கு இடம் கொடுக்காதே

அன்புள்ள கயல்விழி,

படிப்பு முடிந்ததும் தீவனக் கட்டு சுற்றும் இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டப் போகிறாய் என்று அண்ணன் சொன்னார். மகிழ்ச்சி. கோடையில் பச்சைத் தீவனம் கிடைக்காமல் தவிக்கும் கறவைமாட்டுக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

அந்த இயந்திரத்தின் வேலை ஒன்றுதான்: கட்டுக்குள் காற்று புகாமல் காப்பது. அறுத்து நறுக்கிய பிறகும் மக்காச்சோளப் பயிர் சுவாசித்துக்கொண்டிருக்கும். காற்று இருக்கும்வரை தன் சர்க்கரையைத் தானே எரித்துச் சூடாகும், பூஞ்சணமும் பிடிக்கும். காற்று தீர்ந்ததும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, மிச்சச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். பி.எச். அளவு 4-க்கு அருகே இறங்கிவிட்டால், இப்படிப் புளித்த தீவனமான ஊறுகாய்ப்புல் மாதக்கணக்கில் கெடாது.

ஆகவே கவனம் வயலிலேயே தொடங்கட்டும். பயிரில் ஈரம் 65 முதல் 70 விழுக்காடு இருக்கும்போது அறுக்க வேண்டும். நறுக்கியதில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பார். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டையாக நின்று மெல்ல விரிந்தால் பதம் சரி. கட்டும் இறுக்கமாக அமைய வேண்டும். தளர்ந்த கட்டுக்குள் தங்கிய காற்றை, மேலே எத்தனை சுற்றுப் போட்டாலும் வெளியேற்ற முடியாது.

கட்டின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் பிலிமின் தடிமன் பெரும்பாலும் 25 மைக்ரான்தான். இயந்திரம் அதை இழுத்து நீட்டிச் சுற்றுவதால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். குறைந்தது 4 அடுக்கு. நம் வெயிலுக்கு 6 போடு. பிலிமை மிச்சம் பிடிக்கச் சொல்பவரிடம், ஒரு கட்டு கெட்டால் எவ்வளவு தீவனம் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டு. அறுத்த அன்றே சுற்றி முடித்துவிடு.

சுற்றிய கட்டைக் கம்பியால் குத்தித் தூக்காதே. கல்லும் முள்ளும் இல்லாத மேட்டில், தட்டையான முகம் தரையில் படும்படி நிறுத்து. அந்த முகங்களில்தான் பிலிம் அதிகம் விழுந்திருக்கும். எலியோ காகமோ ஓட்டை போட்டால் அன்றே அதற்குரிய டேப்பை ஒட்டச் சொல். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போடவே கூடாது. பிரித்த பிலிமையும் மாடு மேயும் இடத்தில் விடக் கூடாது.

ஆறு வாரம் கழித்து, கட்டைப் பிரிக்கும் நாளில் நீயே போய் நில். இளம்பழுப்பு நிறமும் இதமான புளிப்பு மணமும் இருந்தால் வேலை சரி. இல்லையென்றால் காற்று எந்த வழியாகப் புகுந்தது என்று தேடு. அடுத்த வயலில் இயந்திரத்தை இறக்குமுன் அதைச் சரிசெய்.

அன்புடன்,
சித்தப்பா