பூட்ஸ் எங்கே மடிகிறது?

மலையேற்றத்துக்குத் தோல் பூட்ஸ் வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எத்தனை வருஷம் உழைக்கும் என்பது ஒன்று, காலுக்குச் சரியாக இருக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்காகத் தோலின் தடிமனையும் கம்பெனியின் பெயரையும் பார்க்கிறார்கள். இரண்டாவதற்காகக் காலை நுழைத்துக் கடைக்குள் நாலு அடி நடக்கிறார்கள். நான் பயன்படுத்தியும் பிறர் பயன்படுத்தியதைப் பார்த்தும் வந்த முடிவு, இவை ஒரே கேள்விதான் என்பது. நடக்கும்போது பாதம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மடிகிறது. பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரை சாய்வாக ஓடும் கோடு அது. பூட்ஸுக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. எந்த அச்சில் அதை இழுத்துத் தைத்தார்களோ அந்த அச்சு அதைத் தீர்மானிக்கிறது. இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தோல் மெல்லிய சுருக்கங்களாகப் பரவி மடியும். தள்ளி விழுந்தால் ஆழமான ஒற்றை மடிப்பு உண்டாகி, ஒரு நாள் நடையில் ஆயிரக்கணக்கான முறை அதே கோட்டில் தோல் நெரியும். சேறும் வியர்வை உப்பும் அந்தக் குழியில்தான் தங்கும், வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த மடிப்பு பக்கவாட்டில் இறங்கிச் சோலைத் தொடுகிற இடத்தில்தான் முதலில் ஒட்டு விடும்.

கடைக்காரரிடம் நாம் சொல்லும் எட்டு, ஒன்பது என்ற எண் இந்த மடிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் நாட்டில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் அது 6.67 மில்லிமீட்டர். இரண்டும் நீளக் கணக்கு மட்டுமே. ஒரே நீளமுள்ள இரண்டு பாதங்களில் ஒன்றுக்கு விரல்கள் நீளமாகவும் மற்றதற்குக் குட்டையாகவும் இருக்கலாம். விரல் குட்டையானவருக்குக் குதிகாலிலிருந்து மடிப்பு வரையுள்ள தூரம் அதிகம். எண் ஒன்றே என்றாலும் அவருக்கு வேறு பூட்ஸ் வேண்டும். அமெரிக்காவில் 1920களில் வந்த பிரானக் அளவுகருவி இந்தத் தூரத்தைத் தனியாக அளந்து காட்டும். நம் ஊர்க் கடைகளில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். லேஸை நன்றாக இறுக்கிக் கட்டி, குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நின்று, மேலே விழும் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தால் போதும். மடிப்பு பெருவிரலின் அடிமூட்டுக்கு நேராக விழ வேண்டும். அதைத் தாண்டி விரல்கள்மேல் விழுந்து அழுத்தினால், அந்த பூட்ஸ் உங்களுக்கு நீளம், அல்லது வேறொரு வடிவக் காலுக்கானது. விலை எவ்வளவு குறைத்தாலும் அதை வாங்கக் கூடாது.

இதில் நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலம் என்று அதில் தெரியவந்தது. இந்தியக் கால்களுக்கென்றே ‘பா’ என்ற அளவுமுறையும் அதையொட்டி முன்வைக்கப்பட்டது. வெறுங்காலுடன் நடந்தே வளர்ந்த இந்தியர்களின் முன்பாதம் அகன்றிருப்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆனால் மலையேற்ற பூட்ஸ்களில் பெரும்பாலானவை மேற்கத்தியக் கால் அச்சில் பிறந்தவை. எனவே வழக்கமாக நடப்பது இது: எட்டாம் எண் பக்கவாட்டில் பிடிக்கிறது, கடைக்காரர் ஒன்பதை எடுத்துத் தருகிறார், அது தளர்வாக இருக்கிறது, வாங்குபவர் திருப்தியாகிவிடுகிறார். அகலக் குறையை நீளத்தால் ஈடுகட்டியாயிற்று. மடிப்புக்கோடு சில மில்லிமீட்டர் முன்னே போய்விட்டதை யாரும் கவனிப்பதில்லை. இறக்கத்தில் கால் முன்னே வழுக்கி நகம் கறுப்பது இதன் ஒரு விளைவு. ஒரே சீசனில் பூட்ஸின் முன்பக்கம் வாய் பிளப்பது மற்றொரு விளைவு. கேட்க வேண்டியது அதே எண்ணில் அகல வார்ப்பு. அது இல்லையென்றால் வேறு கம்பெனி, வேறு அச்சு. எண்ணை ஏற்றுவது கடைசி வழிகூட இல்லை.

அளந்து பார்க்கும் முறைகள் பலருக்கும் தெரிந்தவைதான், ஆனால் கடை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போக வேண்டும், நடக்கும்போது போடப்போகும் கனமான சாக்ஸோடு போக வேண்டும், இரண்டு கால்களில் பெரியதற்குத்தான் அளவு பார்க்க வேண்டும். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்றால், பாதம் அதன் விளிம்பைத் தாண்டி வழிகிறதா என்று தெரிந்துவிடும். லேஸ் கட்டாமல் விரல்நுனி முன்னே முட்டும்வரை காலைத் தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிறகு சாய்வுப் பலகை இருந்தால் அதில், இல்லையென்றால் கடையின் படிக்கட்டில் இறங்கிப் பார்க்க வேண்டும். விரல்கள் முன்னே போய் இடிக்கவே கூடாது. இவற்றில் நான் அதிக நேரம் செலவழிப்பது குதிகாலில். புது பூட்ஸ் விறைப்பாக இருப்பதால் குதிகால் லேசாக எழும்பும், அது பரவாயில்லை. அரை சென்டிமீட்டருக்குமேல் எழும்பினால், அந்த உராய்வு முதலில் உங்கள் தோலைக் கொப்புளமாக்கும், அடுத்து உள்ளே இருக்கும் லைனிங்கைத் தின்னும். பழைய பூட்ஸ்களைப் புரட்டிப் பார்த்தால், வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே குதிகால் லைனிங் கிழிந்து அட்டை தெரிவதைக் காணலாம். அதைத் தோலின் குறை என்று சொல்வது அநியாயம்.

தோல்தானே, போடப்போடப் பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. தோல் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், கணுக்காலைச் சுற்றி இளகும், மடிப்பு மென்மையாகும். புது பூட்ஸோடு நேராக மலைக்குப் போகாமல், சில வாரம் ஊருக்குள்ளேயே, கடைசி நாட்களில் முதுகில் பாரத்தோடும் நடந்து பழக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஆனால் நீளம் அதிகமாகாது. முன்னே விரல்களைக் காக்கும் கடினமான கூடும், குதிகாலைப் பிடிக்கும் கூடும் அசையவே அசையாது. மடிப்புக்கோடும் நகராது. ஆகவே ‘பழகிவிடும்’ என்ற சமாதானத்தை அகலத்தில் ஒரு நூல் இறுக்கத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம்.

பொருத்தம் இவ்வளவு முக்கியம் என்றால் தோலின் தரம் எதற்கு என்று கேட்கலாம். பொருந்திய பூட்ஸில்தான் தரத்துக்கு வேலை வருகிறது. மாட்டுத்தோலின் மேலடுக்கில் நார்கள் மிக நுண்மையாக, நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. தண்ணீரையும் உராய்வையும் தாங்குவது அந்த அடுக்குதான். அதைச் சீவாமல் விட்டது ஃபுல் கிரெய்ன். அதையே மேலாக லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் நுபக். மேலடுக்கைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் அடித்தோல் ஸ்பிளிட்; அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றினால் பளபளப்பில் ஃபுல் கிரெய்னையே தோற்கடிக்கும். ‘ஜென்யூன் லெதர்’ என்ற முத்திரை, அது தோல் என்பதற்கு உத்தரவாதம், எந்த அடுக்கு என்பதற்கு அல்ல. கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் சிலந்தி வலையாகப் பரவும். பூச்சுத்தோல் ஒரே நேர்கோட்டில் மடியும். தையல் குறைவாக, முடிந்தால் மேல்பாகம் முழுதும் ஒரே துண்டில் வெட்டியதாக இருப்பது நல்லது. தையல் மடிப்புக்கோட்டின் குறுக்கே போகும் வடிவமைப்பை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் தொடுவதில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது எடைதான். காலில் கட்டிய சுமை, உடம்போடு சேர்ந்த அதே எடையைவிட நாலு முதல் ஆறு மடங்கு வரை சக்தியைத் தின்கிறது என்று அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1969இலேயே அளந்திருக்கிறார்கள். எம்மா கேட்வுட் என்ற அம்மையார் 1955இல், 67 வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைக் கேன்வாஸ் ஷூவோடு நடந்து முடித்தார். அவ்வளவு தூரம் எதற்கு, வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் பக்தர்கள் வெறுங்காலில் ஏறுகிறார்கள். உயர்ந்த கழுத்துள்ள பூட்ஸ் சுளுக்கைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் பலவீனம். 1993இல் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வில் ஷூவின் உயரத்துக்கும் சுளுக்குக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். நல்ல பாதை, சின்னப் பை, ஓரிரு நாள் நடை என்றால் லேசான ஷூவே போதும், தோல் பூட்ஸ் வீண் பாரம். சரளைச் சரிவு, முள்காடு, பனி, முதுகில் பதினைந்து கிலோ என்று வரும்போது துணி ஷூ ஒரே பயணத்தில் கந்தலாகும். தோலுக்கு அங்கேதான் இடம். ஆனால் துணி ஷூ அளவு தவறினாலும் கொஞ்சம் மன்னிக்கும், தோல் மன்னிக்காது. தோலைத் தேர்ந்தெடுப்பவருக்கு அளவு பார்க்கும் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

மழைக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உள்ளே நீர்புகாச் சவ்வு வைத்த பூட்ஸ் குளிர்நாடுகளில் நன்றாக வேலை செய்யும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற, உள்ளேயும் வெளியேயும் ஈரப்பத வித்தியாசம் வேண்டும். ஜூலை மாத மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? வியர்வை உள்ளேயே நிற்கும், மழைத்தண்ணீர் மேல்வாயில் இறங்கும், சவ்வு இரண்டையும் பத்திரமாகப் பிடித்துவைக்கும். குதிகால் எழும்பித் தேய்கிற பூட்ஸில் அந்தச் சவ்வும் சீக்கிரம் ஓட்டையாகும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டைகள் அலையும் மழைக்காட்டுக்கு ரப்பர் ஷூவும் அட்டை சாக்ஸும்தான் என் தேர்வு. தோல் பூட்ஸை மழை விட்டபின் எடுக்கலாம். நனைந்த பூட்ஸை நெருப்பருகே காயவைத்தால் தோல் சுருங்கும், பசை இளகும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்து, தாளை மாற்றிக்கொண்டே இருப்பது ஒன்றே வழி.

தோல் பதனிடும் தொழில் பாலாற்றை என்ன செய்தது என்பது வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த விஷயம். அதை எண்ணித் தோலே வேண்டாம் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. வாங்குகிறவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு ஜோடியைத் தூக்கிப்போடும்படி வாங்காமல் இருக்கலாம். அதற்குச் சோல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மேல்தோலையும் சோலையும் வெல்ட் பட்டை வைத்துத் தைத்த பூட்ஸில் பழைய சோலைப் பிரித்துப் புதிது தைக்கலாம். வெறும் பசையில் நிற்பவற்றில் சிலவற்றைத்தான் மாற்ற முடியும், அதையும் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். வாங்குமுன் உங்கள் ஊரில் அதைச் செய்து தருவது யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, பலருக்கும் தெரியாதது. பல பூட்ஸ்களின் நடுச்சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த வேதிப்பொருளை மெல்ல உடைக்கிறது, வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. நடந்தாலும் நடக்காவிட்டாலும் சில ஆண்டுகளில் அது பொடிந்துபோகும். அலமாரியில் புதிதுபோல இருந்த பூட்ஸ் மலையில் முதல் நாளே சோலைக் கழற்றிப் போடுவது இதனால்தான். கடலோர ஊர்களின் புழுக்கம் இதற்கு மிகவும் தோதானது. பாதி விலைத் தள்ளுபடியில் கிடைக்கும் ஜோடி எத்தனை மழைக்காலம் கிடங்கில் கிடந்தது என்பதைத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியின்மேல் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். மூன்று நாலு வருஷம் பழையது என்றால், காலுக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், அதே மாடலில் புதிய பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிக் காத்திருப்பதே லாபம்.