களைகளும் அவற்றின் பகைப்பூச்சிகளும்

பயிருக்குரிய நிலத்தையும் நீரையும் எருவையும் பயிரல்லாத ஒன்று கவர்ந்துகொள்ளின் அதனைக் களை என்கிறோம். ஆகவே களை என்பது ஒரு செடியின் பிறவிக்குணத்தைக் குறிப்பதன்று. அஃது இருக்கும் இடத்தைப் பற்றி வந்த பெயரேயாம். பிரேஸில் தேசத்து ஓடைகளில் ஒருவருக்கும் தீங்கின்றி மிதந்துகொண்டிருக்கும் ஒரு நீர்ப்பெரணி, கேரளத்துக் குட்டநாட்டு வாய்க்கால்களிற் புகுந்தபோது ஓடம் செல்லவும் இடங்கொடாது அடைத்துவிட்டது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதெனில், ஒவ்வொரு செடிக்கும் அதன் பிறந்தகத்தில் அதனையே தின்று வாழும் பூச்சிகளும், அதனைப் பற்றும் நோய்களும் உண்டு. கப்பலேறி வரும்போது செடி மட்டும் வருகின்றது. அதன் பகைகள் கரையிலேயே நின்றுவிடுகின்றன. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளின் வரலாறும் இத்தன்மையதே.

அங்ஙனமாயின், பின்தங்கிய பகையைத் தேடிக் கொணர்ந்து விட்டுவிட்டாற் போதுமே என்று தோன்றும். இம்முறை எளிதன்று. எந்தச் செடி, எந்தப் பூச்சி என்பதில் மயிரிழை தவறினும் பல ஆண்டுகளின் உழைப்பு வீணாகும். இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகளுள் முதலாவது நம் சென்னை நகரத்தோடு தொடர்புடையது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே சிவப்புச் சாயத்திற்குப் பேர்போனது கொச்சினீல் என்னும் பூச்சி. சப்பாத்திக்கள்ளி இனங்களின் சாற்றை உறிஞ்சி வாழும் இச்சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தாற் செஞ்சாயம் கிடைக்கும். மெக்ஸிகோ நாட்டைத் தன் வசத்தில் வைத்திருந்த ஸ்பெயின் தேசத்தார் அவ்வியாபாரத்தைக் கட்டிக்காத்து வந்தனர். அதில் ஒரு பங்கைப் பெற விழைந்தவர்களுள் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னை வைத்தியராகிய ஜேம்ஸ் ஆண்டர்ஸன். அவர் 1786-ஆம் வருஷத்தில் சென்னையில் ஒருவகைப் புல்லின்மேற் கண்ட செதிற்பூச்சியைக் கொச்சினீல் இனமெனக் கருதி, லண்டனிலிருந்த ஜோஸப் பாங்க்ஸ் என்னும் தாவரநூல் வல்லாருக்குக் கடிதங்கள் எழுதினார். அது கொச்சினீலன்று. எனினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. உண்மையான பூச்சி வந்து சேருங்காலத்தில் அதற்கு உணவு வேண்டுமென்று சைதாப்பேட்டையிலே ஒரு கள்ளித் தோட்டத்தையும் அமைத்தார். விருந்தினர் வருமுன் விருந்து சமைத்தது போன்ற செயல்!

1795-இல் நீல்ஸன் என்னும் காப்டன் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் பெற்ற பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவை சாயப்பூச்சியென்றே எல்லோரும் நம்பினர். ஆனால் வந்தது அதன் தாயாதியாகிய வேறோர் இனம். இக்காலத்துப் பூச்சிநூலார் அதனை டாக்டிலோபியஸ் ஸெய்லானிக்கஸ் என்பர். அதன் உடலைப் பஞ்சு போன்ற மெழுகு மூடியிருக்கும், சாயமோ மட்டம். கம்பெனியாரின் செஞ்சாயக் கனவு இவ்வாறு கலைந்தது. ஆயின் பூச்சி தன் வேலையைச் செய்துகொண்டேயிருந்தது. வட இந்தியாவிற் புதர்புதராய்ப் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று அழித்துவிட்டது. இதனைக் கண்டோர் 1836 முதல் 1838 வரையுள்ள காலத்தில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவிற்குக் கொண்டுவந்து பரப்பினர். 1865-ஐ ஒட்டி அஃது இலங்கைக்கும் சென்றது. ஒரு களையை அழிக்கும் பொருட்டே ஒரு பூச்சியை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மனிதர் கொண்டுசென்றதற்கு உலக சரித்திரத்திற் காணப்படும் முதல் உதாரணம் இதுவேயாம்.

நிற்க. நம் நாட்டிலிருந்த கள்ளி ஒன்றன்று. முன்சொன்ன பூச்சி தின்றது ஒபன்ஷியா மோனகாந்தா என்னும் இனத்தை மட்டுமே. ஒபன்ஷியா டில்லெனியை என்னும் மற்றோர் இனத்தை அது தீண்டவில்லை. வேலிக்கென்று வைத்த இக்கள்ளி வேலியைத் தாண்டிப் புறம்போக்கு, மேய்ச்சல் தரை, ஊர்ப்புறம் எங்கும் படர்ந்தது. வெட்டிப் போட்டால் வெட்டிய துண்டொவ்வொன்றும் வேரூன்றும். கொளுத்தினாலோ அடித்தண்டு தப்பிவிடும். பாம்புக்கும் எலிக்கும் அது புகலிடம். பஞ்சகாலத்தில் முட்களைப் பொசுக்கிவிட்டு மாடுகளுக்கு இட்டதொன்றே அதனாற் கண்ட நன்மை எனலாம். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலை நீடித்தது. “கள்ளிக்குப் பூச்சி விட்டோமே, பயனில்லையே” என்று அக்காலத்தில் யாரேனும் அலுத்துக்கொண்டிருப்பின் அவரைக் குறைகூறுதல் இயலாது; இனம் வேறு, அதற்கேற்ற பூச்சியும் வேறு என்னும் தெளிவு பின்னரே பிறந்தது. டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் வட அமெரிக்கப் பூச்சி, ஆஸ்திரேலியாவிற்குச் சென்று, அங்கிருந்து இலங்கையை அடைந்து, 1926-இல் தென்னிந்தியாவிற்கு வந்தது. வந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் டில்லெனியைப் புதர்கள் வெண்பஞ்சு பூத்தாற்போல் மூடப்பட்டுச் சுருங்கி மடிந்தன. கோயமுத்தூரிற் பூச்சிநூல் அதிகாரியாயிருந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இவ்விரு பூச்சிகளையும் பிரித்தறிந்து எழுதிய ஆராய்ச்சி, இத்துறையிற் பயில்வோர் தேடிப் படிக்கத்தக்கது.

ஆஸ்திரேலியாவிற் கள்ளி பிடித்திருந்த நிலம் ஏறக்குறைய ஆறு கோடி ஏக்கர். அங்கே வென்றது வேறொரு பூச்சி. அர்ஜெண்டைனா நாட்டிலிருந்து 1925-இல் ஏறக்குறைய மூவாயிரம் முட்டைகளாகக் கொணரப்பட்ட காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள், கள்ளித்தண்டின் உள்ளே குடைந்து பத்தாண்டுகளுக்குள் அப்பெருநிலத்தின் பெரும்பகுதியை மீட்டுத் தந்தன. குவீன்ஸ்லாந்திலுள்ள பூனார்கா என்னும் ஊரார் 1936-இல் தங்கள் பொதுமண்டபத்திற்கு அப்பூச்சியின் பெயரையே இட்டனர். இதே பூச்சி 1989-இல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்திற் காணப்பட்டபோது மகிழ்ந்தவர் இலர். அங்குள்ள கள்ளிகள் அந்நாட்டின் சொந்தச் செடிகள். மொராக்கோ தேசத்திலோ, கனிக்காகவும் கால்நடைத் தீனிக்காகவும் கள்ளியைப் பயிரிட்ட குடியானவர்கள், நமக்கு நன்மை செய்த அந்த டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே 2014-இல் தங்கள் நாட்டில் நுழைந்ததும் தோட்டந்தோட்டமாக இழந்தனர். ஆதலின் பூச்சியை நல்லதென்றும் தீயதென்றும் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது.

இனி நீர்க்களைக்கு வருவோம். ஸால்வீனியா என்பது வேரற்று மிதக்கும் ஒருவகைப் பெரணி. இலங்கைக்கு 1939-இல் கொழும்பிலிருந்த பல்கலைக் கல்லூரியின் தாவரநூற் பகுதி வழியாகவே இது வந்தது. ஆராய்ச்சிக்கென வளர்க்கும் செடி தொட்டிக்குள்ளேயே தங்குமென்று நம்புதல் கூடாது என்பதற்குக் கல்லூரிகளிற் பயிலும் நாம் நினைவிற் கொள்ளவேண்டிய சான்று இது. இக்களைக்கு விதையில்லை, ஒடிந்த துண்டுகளே வளர்ந்து, தக்க நிலையிற் சில நாட்களுக்குள் இருமடங்காகும். ஆப்பிரிக்காவிற் ஸாம்பெஸி நதிக்குக் குறுக்கே கட்டப்பட்ட கரீபா அணையின் ஏரியில் 1959-இற் காணப்பட்டு, மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிற்று.

அறிஞர்கள் இதனை ஸால்வீனியா ஆரிகுலேட்டா என்னும் இனமெனக் கொண்டு, அவ்வினம் வாழும் டிரினிடாட், கயானா முதலிய இடங்களில் அதன் பகைகளைத் தேடினர். வெட்டுக்கிளி ஒன்று, அந்துப்பூச்சி ஒன்று, கூன்வண்டு ஒன்று ஆக மூன்று கிடைத்தன. பல நாடுகளில் விட்டுப்பார்த்தும் போதிய பயனில்லை. பின்னர் மிட்சல் என்னும் அறிஞர், இது வேறோர் இனமென்று கண்டு, 1972-இல் ஸால்வீனியா மொலெஸ்டா எனப் பெயரிட்டார். 1978-இல் அதன் உண்மையான தாயகம் தென்கிழக்குப் பிரேஸில் என்பது புலப்பட்டது. அங்கே அதன்மேலிருந்த கூன்வண்டு, பார்வைக்கு முன்னதைப் போன்றே இருந்தமையால் அதுவென்றே முதலில் எண்ணப்பட்டது. அதனை 1980-இல் ஆஸ்திரேலியாவிலுள்ள மூண்டரா ஏரியில் விட, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறக்குறைய பதினெண்ணாயிரம் டன் களை அழிந்தொழிந்தது. அதன் பின்னரே வண்டை நுணுகி ஆராய்ந்து, தனியினமென உணர்ந்து, 1985-இல் ஸிர்டோபேகஸ் ஸால்வீனியே எனப் பெயர் சூட்டினர். களையின் பெயரும் பிழை, வண்டின் பெயரும் பிழை. இரண்டும் நேராவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இவ்வண்டு 1983-ஐ ஒட்டிப் பெங்களூருக்குக் கொணரப்பட்டது. அங்கு ஓர் அல்லிக்குளத்தில் முதலில் விடப்பட்டுப் பின் குட்டநாட்டிற்குச் சென்றது. ஆப்பிரிக்கப் பாயல் என்று அந்நாட்டார் வைத களை, சில ஆண்டுகளில் ஒடுங்கியது, ஓடங்கள் ஓடின, நெல்வயலிற் களைவாரும் கூலி மிச்சமாயிற்று. பாப்புவா நியூகினியிலுள்ள ஸெபிக் நதியிலோ ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அந்நதியின் களையில் நைட்ரஜன் சத்துக் குறைவாயிருந்தமையால் வண்டுகள் பெருகவில்லை. ஆகவே களைக்கு யூரியா உரமிட்டனர்! உரமேறிய களையைத் தின்று வண்டுகள் பெருகின. பெருகிய வண்டுகள் நதியைத் திறந்துவிட்டன.

பயிர்ப்பூச்சிகளிலும் இதே பாடம் உண்டு. மரவள்ளியைக் கெடுக்கும் ஒரு மாவுப்பூச்சி 1973-இல் காங்கோ நாட்டிற் காணப்பட்டு, ஆப்பிரிக்காவிலே கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாட உணவை அழிக்கத் தொடங்கியது. தென்னமெரிக்காவின் வடபகுதியில் அதனையொத்த ஒன்றைக் கண்டு, அதன் பகைகளைக் கொண்டுவந்து பார்த்தனர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியை நாடவேயில்லை. கண்டது வேறோர் இனமென்பது பின்பு விளங்கிற்று. உண்மையான பூச்சி 1981-இற் பராகுவே நாட்டில் பெல்லோட்டி என்பவராற் கண்டறியப்பட்டது. அதனுடன் வாழ்ந்த அனகைரஸ் லோபெஸி என்னும் சிறு குளவி அவ்வாண்டே நைஜீரியாவில் விடப்பட்டது. எறும்பினுஞ் சிறிய இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று, கூடாகிய உடலில் துளையிட்டு வெளிவரும். இவ்வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அம்மாவுப்பூச்சி 2020-இல் திருச்சூரில் தோன்றிச் சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளிக் கொல்லைகளைப் பிடித்தபோது நமக்கு அந்த வீண் தேடல் நேரவில்லை. பெயர் தெரிந்திருந்தது, பெயரோடு பகையும் தெரிந்திருந்தது. பெங்களூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வரவழைத்துச் சோதித்து வளர்க்க, 2022-இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் அது வயலில் விடப்பட்டது. இதற்கு முன்னும் 2008-இற் கோயமுத்தூரில் வந்த பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் மரவள்ளியையும் பற்றிப் பட்டுப்பூச்சி வளர்ப்போரை நிலைகுலையச் செய்தது; 2010-இற் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்த மூவகைக் குளவிகளால் அது தணிந்தது.

கோதுமை நடுவே களை விதைக்கப்பட்ட உவமையை நம் வாசகர் அறிவர். களையைப் பிடுங்கப்போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள் என்று வீட்டெஜமான் வேலைக்காரரைத் தடுத்தான். நஞ்சு தெளிக்கும் உழவனுக்கும் அவ்வச்சம் வேண்டும். மாவுப்பூச்சியை அதன் மெழுகுப் போர்வை காக்கின்றது, குளவிக்கோ போர்வையில்லை. ஆகவே தெளித்த மருந்து பகைவனை விட்டுத் துணைவனைக் கொல்லும். துளையிட்ட பழுப்புக் கூடுகள் செடியிற் காணப்படுமாயின், குளவி வேலை செய்கின்றதென்று தெரிந்து, மருந்தை நிறுத்திப் பொறுத்திருத்தலே தக்கது.

இவ்வளவும் சொல்லியபின் நம் ஏரிகளிலுள்ள ஆகாயத்தாமரையைப் பற்றிச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அதன் பெயரில் ஐயமில்லை. பிறந்தகம் தென்னமெரிக்கா என்பதும், நியோகெட்டினா என்னும் கூன்வண்டுகள் அதன் பகை என்பதும் ஐயமற்றவை. அவ்வண்டுகள் 1980-களின் தொடக்கத்திலேயே பெங்களூருக்கு வந்தன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1995 முதல் விடப்பட்டுச் சில ஆண்டுகளிற் களையைப் பெரிதும் குறைத்தவையும் அவையே. இருந்தும் நம்மூர் ஏரிகள் பல இன்றும் பச்சைப் போர்வைக்குள்ளே கிடக்கின்றன. நகரத்துச் சாக்கடை ஏரியில் விழுமிடத்தில் வண்டு தின்பதினும் விரைவாகச் செடி தழைக்கின்றது. ஸெபிக் நதியில் அளந்திட்ட உரம் வண்டுக்கு உதவியது. இங்கே அளவின்றி இரவும் பகலும் இடப்படும் உரம் செடிக்கே உதவுகின்றது. அன்றியும் கோடையில் ஏரி வற்றினாற் செடியோடு வண்டும் மடியும். விதையோ சேற்றுக்குள் இருபது ஆண்டுகள்வரை உயிரோடிருக்கும். அடுத்த மழையில் அது முளைக்கும்போது வண்டு அங்கில்லை. இத்தகைய ஏரிகளில் வாருதலும், சாக்கடையைத் திருப்புதலும், ஆண்டுதோறும் வண்டை மீண்டும் விடுதலும் ஒருசேர நடைபெறவேண்டும். வண்டை மட்டும் ஒருமுறை விட்டுவிட்டுப் பலனை எதிர்நோக்குதல் ஆகாது.