அலகும் விடையில் பாதி



விடை சரியாக இருந்தும் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறையும். "ஒரு சொல்லுக்காகவா?" என்று நாம் முணுமுணுப்பதுண்டு. அந்த ஒரு சொல்லின் அருமையை ஓர் உண்மை நிகழ்ச்சியால் அறிவோம்.

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கனடாவின் மாண்ட்ரீல் நகரிலிருந்து எட்மண்டன் நகருக்குப் போயிங் 767 விமானம் ஒன்று புறப்பட இருந்தது. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்தனர். இருந்தது 7,682 லிட்டர். பயணத்திற்குத் தேவை 22,300 கிலோ. எனவே லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டும்.

அந்த எரிபொருள் 1 லிட்டரின் எடை 0.803 கிலோ, பவுண்டுக் கணக்கில் 1.77. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பழைய வழக்கப்படி 1.77 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் செய்த கணக்கு:
7,682 × 1.77 = 13,597
22,300 – 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917 லிட்டர்

சரியான கணக்கு:
7,682 லிட்டர் × 0.803 = 6,169 கிலோ
22,300 கிலோ – 6,169 கிலோ = 16,131 கிலோ
16,131 கிலோ ÷ 0.803 = 20,088 லிட்டர்

முதற்கணக்கில் பெருக்கல் பிழையில்லை. கழித்தல் பிழையும் இல்லை. ஆனால் இரண்டாம் வரியில் கிலோவிலிருந்து பவுண்டைக் கழித்துவிட்டார்கள்! 13,597க்கு அருகில் 'பவுண்டு' என்று எழுதியிருந்தால் தவறு அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

தேவையில் பாதிகூட இல்லாத எரிபொருளுடன் விமானம் பறந்தது. 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. சற்று நேரத்தில் இரு எஞ்சின்களும் நின்றன. விமானி இராபர்ட் பியர்சன், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். அப்பயிற்சியின் துணையால் கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்தில் விமானத்தை இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று:

1. விடையில் மட்டுமன்றி, ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுவோம்.

2. கூட்டும் முன்னும் கழிக்கும் முன்னும், இரண்டும் ஒரே அலகில் உள்ளனவா என்று பார்ப்போம்.

3. எண்களைச் சுருக்குவது போலவே அலகுகளையும் சுருக்குவோம். மணிக்கு 36 கி.மீ. என்பது 36,000 மீட்டர் ÷ 3,600 விநாடி. அதாவது விநாடிக்கு 10 மீட்டர். இவ்வேகத்தில் 5 விநாடி சென்றால், விநாடி விநாடியோடு அடிபட்டு 50 மீட்டர் மிஞ்சும். மேல் வகுப்புகளில் நாம் கற்கப்போகும் தொகை நுண்கணிதத்திலும் வேகத்திலிருந்து தொலைவு காண இதே விதிதான்.

தேர்வில் அலகை விட்டால் போவது அரை மதிப்பெண். நாளை நாம் மருந்து அளக்கும் செவிலியராகலாம், பாலம் கட்டும் பொறியாளராகலாம். அன்று நம் கணக்கை நம்பி உயிர்கள் இருக்கும். ஆகவே அப்பழக்கத்தை இன்றே நம் கணக்கு நோட்டில் தொடங்குவோம்!