பழைய அரவை இயந்திரத்துக்கு உதிரிப் பாகம்: பெயரை விட்டு அளவைத் தேடுவோம்

நம்மில் பலர் அப்பா காலத்தில் வாங்கிப் போட்ட இயந்திரத்தை வைத்தே இன்றும் தொழில் நடத்துகிறோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் காபிக்கொட்டை அரைத்துத் தரும் கடைகளில் வார்ப்பிரும்பு உடம்போடு நிற்கும் பழைய அரவை இயந்திரங்கள் உழைப்புக்கு அஞ்சாதவை. ஆனால் ஒரு நாள் நின்றுபோனால், செய்த கம்பெனி இருக்காது. விற்ற ஏஜெண்டும் இருக்கமாட்டார். அப்போது என்ன செய்வது என்பதே இந்தப் பாடம்.

முதலில் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அறுபத்து மூவர் விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது இயந்திரத்தில் சத்தம் கிளம்பியது. அரவையை நைசாகவும் கொரகொரப்பாகவும் மாற்றும் திருகு தேய்ந்து ஆடியது. அவசரத்தில் வந்த மெக்கானிக் கைக்குக் கிடைத்த போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் வாங்கிப்போன பொடியைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்னங்க, பொடி இப்படிக் கறுத்திருக்கு?" என்றார். காந்தத்தை வைத்துப் பார்த்தோம். மயிர் மயிராக இரும்புத் தூள் ஒட்டியது. மரை கழன்று, இரண்டு அரவைத் தட்டும் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. அரைத்து வைத்த இருபது கிலோவையும் கொட்டினோம். பணம் போனது பெரிதில்லை. அந்த அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் எத்தனை வீட்டுக்கு அந்தப் பொடி போயிருக்கும்?

அந்த அனுபவத்தில் கற்றது ஒன்றே. பழைய இயந்திரத்துக்குக் கம்பெனிப் பெயரைச் சொல்லி உதிரிப் பாகம் தேடினால் கிடைக்காது. அளவைச் சொல்லித் தேடினால் பெரும்பாலானவை கிடைக்கும். ஏனென்றால் பேரிங், பெல்ட், போல்ட் ஆகியவை எந்த இயந்திரத்துக்கும் பொதுவான அளவுகளில் செய்யப்படுபவை.

1. பேரிங்

பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 25. அதுதான் உள்துளை, மில்லிமீட்டரில். 04 முதல் இந்தக் கணக்கு பொருந்தும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 மி.மீ. எண் அழிந்துபோனாலும் கவலை இல்லை. உள்துளை, வெளிவட்டம், கனம் ஆகிய மூன்றையும் வெர்னியர் வைத்து அளந்தால் போதும். 25, 52, 15 என்று வந்தால் அது 6205. மாவும் பொடியும் பறக்கும் இடத்தில் இருபுறமும் ரப்பர் மூடியுள்ள பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். மிகப் பழைய இயந்திரங்களில் பேரிங்குக்குப் பதில் புஷ் இருக்கும். அதைக் கடையில் தேட வேண்டாம். லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து தருவார்கள்.

2. பெல்ட்

வி-பெல்ட்டில் ஏ வகையின் மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ. பி வகைக்கு 17, 11. எழுத்தை அடுத்து வரும் எண் உட்சுற்று நீளம், அங்குலத்தில். ஏ-42 என்றால் 42 அங்குலம். எழுத்து அழிந்திருந்தால் பழைய பெல்ட்டின் உட்புறமாகச் சணல் கயிற்றை ஓட்டி அளந்துகொள்ளலாம்.

3. புல்லி

மோட்டார் மாற்றும்போதுதான் இங்கே தவறு நடக்கும். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதன் புல்லி 3 அங்குலம், இயந்திரத்தின் புல்லி 9 அங்குலம் என்றால் அரவைத் தட்டு 480 சுற்று சுற்றும். புது மோட்டாரோடு வந்த 4 அங்குலப் புல்லியை அப்படியே விட்டால் 640 ஆகிவிடும். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று மகிழ வேண்டாம். பொடி சூடாகும், மணம் கடையிலேயே போய்விடும். பழைய புல்லியின் அளவைக் குறித்து வைத்துவிட்டே கழற்றுங்கள்.

4. போல்ட்டும் மரையும்

எங்களை ஏமாற்றியது இதுதான். பழைய இயந்திரங்கள் பல அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டின் குறுக்களவு 12.7 மி.மீ.; அங்குலத்துக்கு 12 மரை. இன்று எங்கும் கிடைக்கும் 12 மி.மீ. போல்ட்டிலோ மரைக்கு மரை 1.75 மி.மீ.; அங்குலத்துக்கு ஏறத்தாழ பதினாலரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆட்டத்தோடு உள்ளேயும் ஏறும். ஆனால் பாதி மரையில்தான் பிடித்திருக்கும், அதிர்வில் கழன்றுவிடும். மரை அளக்கும் சீப்பு ஒன்று லேத் பட்டறையில் இருக்கும். அதை வைத்துப் பார்க்காமல் போல்ட் வாங்கக் கூடாது.

5. அரவைத் தட்டு

இதற்குப் பொது அளவு கிடையாது. கடையில் கிடைக்காவிட்டால் வார்த்துத்தான் ஆக வேண்டும். பழைய தட்டையே அச்சாகக் கொடுத்தால் வருவது சிறுத்திருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், 150 மி.மீ. தட்டில் ஒன்றரை மி.மீ. குறையும். தேய்ந்துபோன கனம் வேறு. ஆகவே புதுத் தட்டின் அளவைக் கணக்கிட்டு மர அச்சு செய்யச் சொல்லுங்கள். அச்சுக் கூலிதான் அதிகம் என்பதால் ஒரே தடவையில் இரண்டு ஜோடி வார்த்துக்கொள்ளுங்கள்; அச்சைக் கேட்டு வாங்கிக் கடையில் வையுங்கள். தட்டு மாற்றிய பிறகு முதல் இரண்டு கிலோ அரவையை விற்க வேண்டாம். காந்தம் வைத்துப் பார்த்து, சுத்தமாக வந்த பிறகே விற்பனை.

எங்கே தேடுவது?

பழைய சாமான் என்றால் மூர் மார்க்கெட் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்; அது 1985-ல் எரிந்துபோனது. இயந்திர உதிரிக்கும் இரும்புச் சாமானுக்கும் பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெருவில் விசாரிக்கலாம். புதுப்பேட்டை வாகன உதிரிக்குப் பெயர் பெற்றது. அளவு ஒத்துவந்தால் அங்கேயும் பேரிங், புல்லி அகப்படும். கடைசல் வேலைக்கு அடையாறு, தி.நகர்க்காரர்களுக்கு 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. வார்ப்பு வேலைக்குக் கோவைப் பட்டறைகளையும் விசாரிக்கலாம். எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். வாயால் சொல்லி வாங்கியது பெரும்பாலும் திரும்பி வரும்.

தராசில் கை வைக்க வேண்டாம்

இந்தப் பாடம் எடைக் கருவிக்குப் பொருந்தாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, உரிமம் பெற்றவர்தான் தராசைப் பழுதுபார்க்கலாம். பழுது பார்த்தபின் மறு முத்திரை வாங்கியே உபயோகிக்க வேண்டும். "ஒரு சின்ன ஸ்பிரிங்தானே" என்று நாமே மாற்றினால் வழக்கு வரும். அதைவிட, எடையில் குறை வைத்தார் என்ற பெயர் வரும்.

எப்போது விட்டுவிடுவது?

இயந்திரத்தின் உடம்பில் விரிசல் கண்டாலோ, பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து அகன்றாலோ செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாத்தா வாங்கியது என்ற பாசம் வேறு, வியாபாரம் வேறு.

கடைசியாக ஒரு வேலை. வருகிற விடுமுறை நாளில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இயந்திரத்தின் பேரிங் எண், பெல்ட் எண், இரண்டு புல்லியின் அளவு, திருகின் மரைக் கணக்கு, மோட்டாரின் குதிரைத் திறன், சுற்று ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, கல்லாப் பெட்டியில் வையுங்கள். ஒரு பெல்ட்டும் ஒரு ஜோடி பேரிங்கும் வாங்கி அலமாரியில் போடுங்கள். எங்கள் கடையில் அந்த நோட்டு முன்பே இருந்திருந்தால் இருபது கிலோ பொடியைக் கொட்டியிருக்க மாட்டோம். அந்த அம்மா இப்போதும் எங்களிடம்தான் வாங்குகிறார். ஆனால் பொடியை வாங்கியதும் ஒரு முறை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.