ஈரப்பதமானிக்கு உப்பே சாட்சி

முன்னுரை

கடையில் அரிசி நிறுக்கும் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று நம் தாய்மார்கள் பார்க்கிறார்கள். முத்திரை இல்லாத தராசை யாரும் நம்புவதில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டும் ஈரப்பதமானிக்கு எவரும் முத்திரை இடுவதில்லை. அது காட்டும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அந்த எண் உண்மைதானா என்று வீட்டிலேயே சோதித்தறியும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊரும் ஈரக் காற்றும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் வழியில் ஒருபுறம் உப்பளப் பாத்திகள், மறுபுறம் உப்பங்கழி, நடுவே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் வங்கக் கடல். இத்தனை நீருக்கு நடுவே வாழும் நமக்கு ஈரக் காற்று புதிதன்று. ஐப்பசி பிறந்தால் அப்பளம் நமத்துப் போகிறது. தீக்குச்சி உரசினாலும் பற்றுவதில்லை. பீரோவிலுள்ள தோல் செருப்பில் பூஞ்சை படர்கிறது. பூஞ்சையும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் ஈரத்தில் பெருகி, ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தொல்லை தருகின்றன. வீட்டினுள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நல்லது என்பர். ஆகவேதான் பலர் ஈரப்பதமானி வாங்குகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், இளைப்பு நோயுள்ள பாட்டியின் அறைக்காக இரண்டு மானிகள் வாங்கினார்கள். இரண்டையும் ஒரே மேசைமேல் வைத்தால் ஒன்று 58 என்றது. மற்றொன்று 71 என்றது. முதலாவதை நம்பினால் கவலை இல்லை. இரண்டாவதை நம்பினால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். எதை நம்புவது?

ஒப்பு ஈரப்பதம்

முதலில் அந்த எண்ணின் பொருளை அறிவோம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். நீராவி கூடாமல் குறையாமல் இருந்தாலும், வெப்பம் மாறினால் எண் மாறிவிடும். ஈரப்பதம் 70 உள்ள அறையில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மானி ஏறக்குறைய 66 காட்டும். ஆதலால் வெயில் படும் சுவரிலோ அடுப்பருகிலோ மானியை மாட்டலாகாது.

அளக்கும் முறைகள்

1783-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர், மனிதத் தலைமுடி ஈரத்தில் சிறிது நீளுவதைப் பயன்படுத்தி அமைத்த ஈரப்பதமானியைப் பற்றி நூல் வெளியிட்டார். இன்று கடைகளில் கிடைக்கும் முள் மானிகள் பலவற்றில் முடிக்குப் பதிலாக ஈரத்தை உறிஞ்சும் சுருள் பட்டை உள்ளது. எண் காட்டும் மின்னணு மானியில் மெல்லிய பாலிமர் ஏடு ஒன்று ஈரத்தை உறிஞ்சி, அதற்கேற்பத் தன் மின்தன்மையை மாற்றிக்கொள்கிறது. தூசு, சமையல் எண்ணெய்ப் புகை, ஊதுவத்திப் புகை, கடற்காற்றின் உப்பு ஆகியவை படிந்தாலும், காலம் கடந்தாலும் இவை பிழைபடும். புதிய மானியின் அட்டைப் பெட்டியிலேயே "5 விழுக்காடு கூடலாம், குறையலாம்" என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

வானிலை நிலையங்களில் வேறொரு முறை உண்டு. காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இரு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழை ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அக்குமிழ் குளிரும். காற்று உலர்ந்திருந்தால் மிகுதியாகக் குளிரும். உலர் குமிழ் 34, ஈரக் குமிழ் 26 என்றால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 53. உலர் குமிழ் 30, ஈரக் குமிழ் 26 என்றால் சுமார் 73. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவு செய்திகளில் வருகிறதே, அதனுடன் ஒப்பிட்டால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். போதாது. அது தொலைவிலுள்ள திறந்தவெளிக் காற்றின் அளவு. நம் அறையின் அளவன்று.

உப்புச் சோதனை

எளிய வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. தேவையானவை: தூய தூளுப்பு, ஒரு சிறிய மூடி, சில துளி நீர், காற்றுப் புகாத கண்ணாடி ஜாடி.

1. மூடியில் உப்பை நிரப்பி, துளித்துளியாக நீர் விட்டு ஈர மணல் போலாக்குக. உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது.
2. அதையும் மானியையும் ஒன்றோடொன்று படாமல் ஜாடிக்குள் வைத்து இறுக மூடுக.
3. வெயிலும் மின்விசிறியும் படாத இடத்தில் ஓர் இரவும் பகலும் வைத்திருக்க.
4. ஜாடியைத் திறக்காமலே எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்க.

சரியான மானி 75 காட்டும். 70 காட்டினால், அது காட்டும் எண்ணுடன் எப்போதும் 5 கூட்ட வேண்டும்.

ஏன் 75? "கரைசல்கள்" பாடத்தில் தெவிட்டிய கரைசலைப் படித்திருக்கிறோம். மூடிய ஜாடியில் வெறும் நீர் இருந்தால் ஈரப்பதம் 100 ஆகிவிடும். உப்போ நீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆதலால் குறைந்த அளவு நீரே ஆவியாகிறது. உள்ளே காற்று 75-க்குக் கீழ் உலர்ந்தால் கரைசல் நீரை விடும். 75-க்கு மேல் ஈரமானால் உப்பு அதை இழுத்துக்கொள்ளும். கரையாத உப்பும் நீரும் சேர்ந்திருக்கும்வரை இந்தச் சமநிலை மாறாது. எனவே உப்பையோ நீரையோ அளந்து போடவும் வேண்டியதில்லை! 20 டிகிரியில் 75.5, 25 டிகிரியில் 75.3, 30 டிகிரியில் 75.1 என்பவை ஆய்வகங்களில் கண்ட அளவுகள். உதகையிலும் கேளம்பாக்கத்திலும் உப்பு ஒரே சாட்சியே சொல்கிறது.

உப்பளத்து உப்பு ஆகுமா?

நம் ஊர் உப்பையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடல்நீரில் சோடியம் குளோரைடுடன் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் இதுவே மிகுதி. அக்கசப்பு நீரை வடித்துவிட்டாலும் சிறிது கல்லுப்பில் ஒட்டியிருக்கும். மெக்னீசியம் குளோரைடின் சமநிலை 33 விழுக்காடுதான். அதாவது, காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போதே அது ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதற்கு இதுவும் ஒரு காரணம். சோதனையில் இது கலந்தால் 75 என்னும் அளவு சற்றுக் குறைந்துவிடும். ஆகவே சுத்திகரித்த தூளுப்பே ஏற்றது.

ஒரு புள்ளியில் சரியாக இருக்கும் மானி மற்றொரு புள்ளியில் பிழைபடவும் கூடும். பள்ளி ஆய்வகத்தில் தூய மெக்னீசியம் குளோரைடு இருந்தால், அதைக் கொண்டு 33-லும் சோதித்துப் பார்க்கலாம்.

தெரு வீட்டின் விடை

அந்த இரு மானிகளையும் ஒரே ஜாடியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். 71 சொன்ன மானி 76 காட்டியது. 58 சொன்ன மானி 63-தான் காட்டியது. ஆக, முன்னது 1 கூட்டியும் பின்னது 12 குறைத்தும் சொல்லி வந்தன. திருத்திப் பார்த்தால் இரண்டும் 70 என்றே ஒத்துப்போயின. பாட்டியின் அறை உண்மையில் ஈரமாகத்தான் இருந்தது. ஆறுதல் சொன்ன மானியே பொய்த்தது. இப்போது ஈரத்துணிகளை அவ்வறையில் உலர்த்துவதில்லை. வெயில் ஏறியபின் சன்னல்களைத் திறந்துவைக்கிறார்கள். பிழையான மானியின் முதுகில் "12 கூட்டுக" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

முடிவுரை

தோழியரே, பிழையுள்ள கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதுவும் பயன்படும். பிழை தெரியாத கருவிதான் ஆபத்தானது. நமக்குப் பிடித்த எண்ணைக் காட்டுகிறது என்பதற்காக ஒரு மானியை நம்பலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன், ஒரு மூடி உப்பைக் கொண்டு உங்கள் வீட்டு மானியைச் சோதித்துப் பாருங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி, கேளம்பாக்கம்